உண்ணும் நெய்யும் எரிக்கும் நெய்யும்

சிவமயம்

அருப்புக்கோட்டை, திருச்சுழியல் என்னும் இரண்டு ஊர்களையும் சூழ்ந்து கிடப்பது வானம் பார்த்த நிலம். கரிசலும் செவலும் விரவிய அந்நாட்டிற் குண்டாற்றில் நீரோடும் நாட்கள் மிகச் சில. கண்மாய் பெருகின் நெல் உண்டு. பெருகாதொழியின் கம்பும் சோளமும் பருத்தியும் எள்ளும் உளுந்துமே உழவர்க்குத் துணை. அந்நாட்டு அன்பர் சிலர் எம்மிடம் ஒரு வினாவை விடுத்தனர். உணவுக்குரிய எண்ணெயை வீட்டில் விளக்கிட்டு எரித்தல் முறையாகுமா? அடுப்பிற் குறைவுபடும் எண்ணெயை அகலில் ஊற்றுதல் சிவபுண்ணியமா, உடன்வாழும் உயிர்க்கு இழைக்கும் குறையா? கடையில் விளக்குக்கென்றே விற்கும் கலப்பெண்ணெயும், பலகாரஞ் சுட்டு மிஞ்சிய எண்ணெயும் திருவிளக்குக்கு ஆகுமா? இவை அவர் கேட்டவை.

இவ்வினாவை எளிதென்று தள்ளுதல் கூடாது. ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெயின் விலை கூலியாளர் ஒருவரது ஒருநாட் கூலியிற் பெரும்பகுதியை விழுங்கும் இந்நாளில், தறியையோ காட்டு வேலையையோ நம்பியிருக்கும் ஒரு தாய் மாலைதோறும் இரண்டு கரண்டி எண்ணெயை அகலில் ஊற்றுவாளாயின், அஃது அவள் மக்களின் குழம்பிற் குறையும் இரண்டு கரண்டியேயாம். ஊற்றாது விடின், விளக்கில்லா வீடு என்னும் வருத்தம் அவள் நெஞ்சை அரிக்கும். நம் நாட்டார் உண்ணும் எண்ணெயிற் பாதிக்கு மேற்பட்டது பிறநாடுகளிலிருந்து கப்பலேறி வருகின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே, பசியும் பத்தியும் ஒரே கலயத்தில் எண்ணெய் எடுக்கும் இடத்து எதற்கு எவ்வளவு என்பதே வினாவின் உயிர். அதனைச் சித்தாந்த நெறியில் நின்று ஆராய்வாம்.

முதற்கண் எண்ணெய் என்னும் சொல்லையே நோக்குக. எள்ளின் நெய் எண்ணெய். பின்னர் அப்பெயர் பிற வித்துக்களின் நெய்க்கும் பொதுவாயிற்று. எள்ளின் நெய்யை நல்லெண்ணெய் என்றும், ஆமணக்கின் நெய்யை விளக்கெண்ணெய் என்றும் தமிழ்மக்கள் வேறுபிரித்து வழங்கினர். இலுப்பை, புன்கு, புன்னை, வேம்பு என்பவற்றின் நெய்யும் பெரும்பாலும் அகலுக்கே உரியவாயிருந்தன. எரிப்பதற்கென்று சில நெய்களை நம் முன்னோர் ஒதுக்கி வைத்தமை இவ்வழக்கினால் விளங்கும். ஆயினும் ஆவின் நெய்யும், அதனையடுத்து எள்ளின் நெய்யும் திருக்கோயில் விளக்குக்குச் சிறந்தன என்பதும் நெடுநாள் வழக்கே. இவ்விரண்டும் உண்ணப்படுவன. ஆகலின், உண்பனவற்றை எரித்தலாகாது என்று ஒரே சொல்லில் முடித்தற்கும் இல்லை. எதனையும் எவ்வளவும் எரிக்கலாம் என்று விடுதற்கும் இல்லை.

இனி விளக்கு எரியும் இயல்பினைச் சிறிது அறிதல் வேண்டும். எள்ளெண்ணெயை ஒரு கிண்ணத்தில் வைத்து எரிகுச்சியைக் காட்டினால் அது பற்றாது. ஏறக்குறைய 250 பாகைச் செண்டிகிரேடு வெப்பம் எய்தினாலன்றி அதன் ஆவி தீப்பற்றுதல் இல்லை. திரி அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மேலேற்றச் சுடரின் வெப்பத்தால் எண்ணெய் ஆவியாகி, அவ்வாவியே எரிகின்றது. தடித்த நெய்யாதலின் திரியில் அது நெடிது ஏறமாட்டாது. அதனாலேயே நம் அகல்கள் ஆழமின்றிப் பரந்து, சுடர் எண்ணெயை அணுகி நிற்குமாறு அமைந்தன. சீமையெண்ணெய் எனப்படும் மண்ணெண்ணெயோ மெல்லியது. நெடுந்திரியில் எளிதின் ஏறும். ஏறக்குறைய 40 முதல் 60 பாகை வெப்பத்திலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். ஆகலின், கவிழ்ந்த அகல் பெரும்பாலும் அணைந்துவிடும். கவிழ்ந்த சீமையெண்ணெய்க் குப்பி வீட்டை எரித்துவிடும்.

இது வெறும் அச்சமன்று. இலங்கையில் ஏழைக் குடும்பங்கள் வெற்றுக் குப்பிகளில் தாமே செய்துகொண்ட மண்ணெண்ணெய் விளக்குகள் கவிழ்ந்து தீப்புண் பட்டோரை மருத்துவம் செய்து வந்த விஜய கொடகும்புர என்னும் அறுவை மருத்துவர், எளிதிற் கவிழாததும், கவிழ்ந்தாலும் உருளாததும், உடையாததுமான தடித்த கண்ணாடிக் குறுவிளக்கொன்றை 1992-ஆம் ஆண்டளவில் அமைத்தார். அதன் மூடி திருகி இறுக்கும் உலோக மூடி. சுதீபம் எனப் பெயர் பெற்ற அவ்விளக்குப் பணிக்காக 1998-இல் அவர்க்கு ரோலெக்ஸ் விருது அளிக்கப்பெற்றது. விளக்கு ஒளி தருவதோடு ஏற்றினவர்க்கு ஊறு செய்யாமையும் வேண்டும் என்பதை அறமாகக் கொண்டார் அம்மருத்துவர். மின்சாரம் அற்ற வேளையில் வீட்டில் விளக்குச் செய்துகொள்வார் சமையல் எண்ணெயைக் கொள்ளுதல், இவ்வகையில், மண்ணெண்ணெயினும் நன்று. தடித்த கண்ணாடிக் குவளையிற் பாதி நீரும் அதன்மேல் ஒரு விரற்கடை எண்ணெயும் விட்டு, தகட்டிற் கோத்த திரியை மிதக்கவிடும் முறை பல நாட்டிலும் உண்டு. எண்ணெய் தீர்ந்தவுடன் திரி நீரைத் தொட்டுத் தானே அணையும். அவ்வெண்ணெயோடு பெட்ரோல் முதலிய விரைந்து பற்றும் பொருள்களைக் கலத்தல் உயிர்க்கேடு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990-இல் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரம் அற்றது. மண்ணெண்ணெய் வரவும் தடையுற்றது. அக்காலத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஜாம் போத்தல்களிற் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு, அச்சிறு சுடரிற் பாடம் படித்துத் தேர்வு எழுதினர். துளி துளியாக அளந்து எரித்த அவ்விளக்கை வீண்செலவு என்பார் உளரோ? அறியாமை நீங்குதற்பொருட்டு எரிந்த எண்ணெய் வீணாதல் யாங்ஙனம்? ஆகவே, உணவை எரித்தல் என்ற அளவிலேயே ஒரு செயல் குற்றமாகிவிடாது என்பதும், எதன்பொருட்டு, எவருடையது, எவ்வளவு என்னும் மூன்றையும் நோக்கியே அது துணியப்படும் என்பதும் போதரும்.

அற்றேல், கண்ணுக்கு ஒளி மின்விளக்கால் வந்துவிட்ட இந்நாளில் திருவிளக்கு எதற்கு எனின், கூறுதும். திருவிளக்கு இறைவனுக்கு ஒளி ஊட்டுதற்கு அன்று. ஞாயிறும் திங்களும் தீயும் எவன் ஒளியால் விளங்குகின்றனவோ அவனுக்கு நம் அகல் ஒளி தரும் என்பார் பேதையர். சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்துத் தாசமார்க்கம் கூறுமிடத்துத் திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் பறித்தல், மாலை தொடுத்தல் என்பவற்றோடு திருவிளக்கிடுதலையும் அருணந்தி சிவாசாரியர் வைத்தார். அவையெல்லாம் கையாற் செய்யும் பணிகள். திரி திரித்தலும், அகல் துலக்கலும், காற்றுக்கு மறைத்தலும், குறைந்தபோது வார்த்தலும் ஆகிய தொண்டே அங்குப் பயன் தருவது. விசையைத் தட்டி ஏற்றும் விளக்கில் ஒளி உண்டு, அத்தொண்டு இல்லை. விளக்கிடுவார் பெறும் பயன் ஞானமே என்பது நாவுக்கரசர் திருவுள்ளமாதலும் இதுபற்றியே.

இனி முதன்மையான தடைக்கு வருவாம். பசித்தோர் உளராக நெய்யை எரித்தல் கொடுமை என்பது அத்தடை. நம் முன்னோர் இத்தடையை அறியாதவரல்லர். திருச்சுழியல் பழங்காலத்திற் பருத்திக்குடி நாட்டைச் சேர்ந்தது. அதனையடுத்த பள்ளிமடத்துக் கோயிற் கற்களிற் பாண்டியர் காலத்து விளக்குக் கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கும், தமிழகம் எங்கும், நொந்தா விளக்கு ஒன்றை ஏற்ற விரும்பினவர் நெய்யை வாங்கிக் கொடுத்ததினும் ஆடுகளையோ பசுக்களையோ விட்டமையே பெருவழக்கு. சோழநாட்டிற் பெரும்பான்மையும் விளக்கொன்றுக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். நாழியில் நாலில் ஒன்று உழக்கு. அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுக்கள் கூறும். ஆடு சாகாததன்று, இறந்ததற்கும் முதிர்ந்ததற்கும் ஈடாகக் குட்டியை நிரப்பி, எண்ணிக்கை குறையாது காத்தல் வேண்டும் என்பதே பொருள்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை நோக்குக. கொடுத்தவர் உண்போரின் கலத்திலிருந்த நெய்யை எடுத்து எரித்திலர். முன் இல்லாத ஒரு மந்தையை உண்டாக்கினர். மந்தை பெருகிற்று, அதனை மேய்த்த இடையர் குடும்பம் உழக்கு நெய்க்கு மேற்பட்ட பாலையும் மோரையும் குட்டியையும் கொண்டு வாழ்ந்தது, ஆட்டெருவால் வயல் விளைந்தது. முதல் கெடாமல் அதன் பயனில் ஒரு கூறே சுடராயிற்று. விளக்கு எரிந்ததனால் ஊரிற் பால் குறைந்திலது, மிகுந்தது. எரிப்பதற்குமுன் விளைவித்தார்கள் என்பதே அக்கல்வெட்டுக்கள் நமக்கு உணர்த்தும் அறம். திருச்சுழியலில் 1879-இற் பிறந்து 1896-இல் அண்ணாமலை அடைந்த இரமண முனிவர் வாழ்ந்த அம்மலையின் உச்சியிற் கார்த்திகைதோறும் ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகின்றதே எனின், அதுவும் இவ்வாறே நோக்கத்தக்கது. எண்ணிறந்த அன்பர் தத்தம் பங்கிற் சிறிது சிறிதாக அளித்தது அது. ஒரு குடும்பத்தின் பட்டினியால் வந்ததன்று. சுற்றிலும் காதங்கள் தோறும் நிற்போர் யாவர்க்கும் பொதுவாய ஒரே சுடர்.

விளைவிக்க வழியில்லாத ஏழை என் செய்வது எனின், அதற்குச் சேக்கிழார் திருத்தொண்டர் புராணத்தில் உரைத்த மூன்று அடியார் வரலாறுகள் விடை தரும். நமிநந்தியடிகள் திருவாரூர் அரநெறியில் விளக்கிட நெய் வேண்டி அயல்மனையிற் கேட்க, அம்மனையிலிருந்த சமணர் நீரை வார்த்து எரிக்குமாறு இகழ்ந்தனர். அடிகள் திருவருள் வழிநின்று குளத்து நீரையே முகந்து வார்க்க, விளக்கு விடியுமளவும் எரிந்தது. கணம்புல்லர் செல்வம் மாண்டபின் கணம்புல் அரிந்து விற்று நெய் கொண்டனர். புல் விலைபோகாத நாளிற் புல்லையே மாட்டி எரித்தனர். அதுவும் போதாதாயிற்றாகத் தம் தலைமயிரை எரித்தனர். திருவொற்றியூர்க் கலியர் செக்குத்தொழிற் குடியிற் பிறந்தவர். பொருளெல்லாம் விளக்கிற் செலவாகிய பின், தம் மரபினரிடம் எண்ணெய் பெற்று விற்றுக் கூலி கொண்டும், கூலிக்குச் செக்காட்டியும் விளக்கேற்றினர். அதுவும் முட்டியபோது தம் மிடற்றை அரிந்து குருதியால் அகலை நிறைக்கப் புகுந்தனர்.

இம்மூவர் செயலிலும் ஒரு பொதுமை உண்டு. நெய் முட்டிய இடத்து ஒருவரும் பிறர் உணவைத் தொட்டிலர். ஒருவர் நீரை வார்த்தார். ஒருவர் புல்லையும் மயிரையும் எரித்தார். ஒருவர் தம் உதிரத்தையே நினைந்தார். உண்ணப்படும் நெய்தான் வேண்டும் என்னும் நியதி இறைவன்பால் இருந்திருப்பின், நீர் எரிந்திராது, புல் ஏற்கப்பட்டிராது. தத்தமக்குரியதை எஞ்சாது அளித்தமையே அங்கு ஏற்கப்பட்டது. குவளையில் எண்ணெய்க்கு அடியில் நீர் நிற்கும் விளக்கைக் காட்டி நமிநந்தியடிகள் செயலுக்குப் பொருள் சொல்லப் புகுவாரும் உளர். அடிகள் வார்த்தது நீர் ஒன்றே. அருளால் நிகழ்ந்ததனை அகலின் அமைப்பால் அளத்தல் தகாது.

ஈண்டு ஒருவர் தடுத்துக் கூறலாம்: கலியர் தம் மனைவியாரை விற்கவும் துணிந்தனரே, அது பிறர்க்கு இழைத்த துன்பமன்றோ? அஃதொக்கும், இவ்விடத்தை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. இக்காலத்து நெஞ்சு அதனை ஏற்க மாட்டாது. ஏற்க வேண்டுவதும் இன்று. ஆயின் வரலாறு யாங்ஙனம் சென்றது என்று நோக்குக. நகரெங்கும் கேட்டும் கொள்வார் ஒருவரும் இலராயினர். அவ்வழியைத் திருவருள் அடைத்தது. அதன்பின் அவர்க்கு எஞ்சியது தம் உடம்பு ஒன்றே. அதனையும் அரியவிடாது இறைவன் திருக்கை தடுத்தது. பிறரைப் பொருளாக்கி ஏற்றும் விளக்கு நிறைவேறவில்லை. தம்மையே பொருளாக்கியதும் நோக்க அளவிலேயே ஏற்கப்பட்டது. ஆகவே இவ்வரலாறு மனைவி மக்களின் பங்கைக் கவர்ந்து விளக்கிடுக என்று கற்பிப்பதன்று. அவ்வழி அடைபட்ட வழி என்று காட்டுவது. தொண்டின் உறைப்பை அடியார்பாற் கற்போம். அவர் செயலின் அளவை நமக்கு விதியாகக் கொள்ளோம்.

இனிச் சித்தாந்த உண்மையைச் சார்த்தி நோக்குவாம். உயிரைப் பிணித்த ஆணவம் இருளோடு உவமிக்கப்படும். ஆயினும் புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தான் இருளென்பதைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. கதிரவன் தோன்றுமளவும் இருளில் இருப்பார்க்குக் கைவிளக்கு உதவுமாறு போல, திருவருள் விளங்குமளவும் மாயையின் காரியமாகிய தனு கரண புவன போகங்கள் உயிர்க்கு உதவும் என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் உணர்த்திய கருத்து. எண்ணெயும் திரியும் அகலும் மாயையின் காரியம். ஏற்றும் கையும் அதுவே. அடுப்பில் வேகும் உணவும், அதனால் நிலைபெறும் உடம்பும் அதுவே. ஆகவே உடம்பு என்னும் விளக்கைப் பட்டினியால் அவித்து, அகல் என்னும் விளக்கை ஏற்றுதல் ஒரு கைவிளக்கை அவித்து மற்றொன்றை ஏற்றுதலாம். இரண்டும் விடியும் வரைக்கும் வேண்டுவன. இது கருதியன்றோ உயிருடைய திருமேனிகளாகிய அடியார்க்கு இட்டது திருக்கோயிலில் எழுந்தருளிய பெருமானுக்கும் சேரும் என்றும், கோயிலுக்கு மட்டும் இட்டது அடியார்க்குச் சேராது என்றும் திருமூலர் கருத்துரைத்தனர்!

ஆணவம் விளக்கிடும் இடத்திலும் ஒளிந்திருக்கும். ஆயிரம் அகல் ஏற்றினேன் என்னும் செருக்கு அதன் ஒரு வடிவம். ஒரு துளியும் விடேன் என்னும் கடும்பற்று மற்றொரு வடிவம். இந்த எண்ணெய் ஏற்றினாற் செல்வம், அந்த எண்ணெய் ஏற்றினாற் பகை ஒழிவு, ஐந்தெண்ணெய் கலந்தால் எல்லாம் கைகூடும் என்று எண்ணெய்க்கு ஒரு பயனாகப் பட்டியலிட்டு வழங்கும் வழக்கம் மூன்றாவது வடிவம். இப்பட்டியல்களிற் சில கடலையெண்ணெயை விலக்குகின்றன. நிலக்கடலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்த பயிர், சூரியகாந்தியும் அக்கண்டத்ததே. தொன்மையான சிவாகமங்கள் அவற்றைப் பெயர் சுட்டி விதித்தலோ விலக்கலோ கூடுவதன்று. ஆகலின், கடலையெண்ணெய் ஒன்றே வீட்டில் உள்ள உழவர், பயந்து விளக்கேற்றாது விடுதல் வேண்டுவதில்லை. கருவறைத் திருவிளக்கு அவ்வத் திருக்கோயிலின் ஆகம முறைப்படி நிகழ்க. அதனை மாற்றச் சொல்லுதல் எம் கருத்தன்று. இல்லத்து அகலோ உள்ளதைக் கொண்டு ஏற்றத்தக்கது.

கடைகளில் விளக்குக்கென்று விற்கும் கலப்பெண்ணெயைப்பற்றி: அவற்றுட் பல, உண்ணுதற்கு அன்று என்னும் குறிப்போடு வருகின்றன. உண்ணலாகாதது ஆதலாலேயே ஒன்று இறைவனுக்கு ஆகாதது ஆகாது. புன்கின் நெய் உண்ணும் எண்ணெயன்றே. குற்றம் நிகழ்வது பிறிதோரிடத்து. உள்ளே இன்னது இருக்கின்றது என்று உரையாது, மணமும் நிறமும் ஊட்டி, எள்ளின் படத்தையோ தெய்வத்தின் படத்தையோ ஒட்டி, நல்லெண்ணெய் என்று மயங்குமாறு விற்பாராயின், அது பொய். வாங்குவோர் அன்பாற் கொடுக்கின்றார். விற்போர் அவ்வன்பையே விலையாக்குகின்றார். இன்னின்ன எண்ணெய் என்று உண்மை பொறித்து விற்பின் குற்றமில்லை. எண்ணெய் வாணிகத்திற் பேர்பெற்ற விருதுநகரை அடுத்திருக்கும் அந்நாட்டு வணிகரும் செக்காளரும் இதனை நினைத்தல் நலம். கலியரை நாயனாராகப் பெற்ற தொழில் அது.

பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் ஆகுமோ எனின், இருவகையாகப் பிரித்துக் கூறுதும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்குக் கேடு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல், காய்ச்சலால் எண்ணெயில் விளையும் தீய கூட்டுப்பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்தால் அதனைச் சமைக்கப் பயன்படுத்தலாகாது என்று வரையறுத்தது. அவ்வாறு கழித்த எண்ணெயை எரிபொருளாக மாற்றும் முயற்சியும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. ஆகவே, அதனை மீண்டும் உண்பதினும், துணியில் வடிகட்டித் தெளியவைத்து, மின்சாரம் அற்ற இரவில் வெளிச்சத்துக்காக எரித்தல் நன்று. வடிகட்டாதது புகையும், வெடித்துச் சிதறும். இது வீட்டு வெளிச்சம்.

திருவிளக்குக்கோ அஃது ஆகாது. தாம் உண்டு எஞ்சியதை ஆண்டவனுக்கு அளித்தல் பூசை முறையன்று. கண்ணப்பர் சுவைத்துப் பார்த்த ஊனை ஏற்றிலரோ எனின், ஏற்றார். கண்ணப்பர் இனியது இது என்று தேர்ந்து சிறந்ததை அளித்தற்குச் சுவைத்தார். எஞ்சியதைக் கழித்தற்கு அளித்திலர். நாமோ கழிக்கவேண்டியதற்கு ஒரு வழியாகத் திருவிளக்கைக் காண்கின்றோம். செயல் ஒன்றுபோலத் தோன்றினும் நெஞ்சம் வேறு. சட்டியில் மிஞ்சிய ஒரு கலயத்தினும், சட்டியில் இடுமுன் எடுத்து வைத்த ஐந்து துளி பெரிது.

உணவும் விளக்கும் பகையல்ல என்பதற்கு நம் பெண்டிர் கையிலேயே ஒரு சான்று உண்டு. அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து, நடுவிற் குழித்து, நெய்யும் திரியும் இட்டு ஏற்றும் மாவிளக்கு அது. சாத்தூரை அடுத்த இருக்கன்குடி முதலிய தலங்களில் அது பெருவழக்கு. சுடர் எரிந்து முடிந்தபின் அகலே பிரசாதமாகி, வந்தவர் யாவர்க்கும் பகிரப்படும். எரிந்தது சிறிது நெய், மீண்டது உணவு. படைத்ததெல்லாம் படைத்தவனுக்கே மீண்டும் அருளாக வரும் என்னும் கொள்கை அம்மாவிற் குழைந்து கிடக்கின்றது. இதனை விடுத்து, அகல்களைப் பெருக்கித் தூணிலும் தளத்திலும் எண்ணெய் வழியவிட்டுப் பிறர் வழுக்கி விழச் செய்தல் தொண்டாகாது.

இவ்வாற்றாற் போந்த துணிபைத் தொகுத்துக் கூறுவாம். முதலாவது, இல்லத்தில் மாலை விளக்குக்கு ஓர் அகலும் ஒரு திரியும் சாலும். அது நாழிகை சில எரிந்து தானே அமைதல் போதும். இரண்டாவது, அதற்குரிய எண்ணெய் ஏற்றுவார் தம் பங்கினின்று வருக; குழந்தை, நோயாளி, முதியோர் பங்கினின்று வாராது ஒழிக. மூன்றாவது, யாதும் இல்லாத நாளில் திருமுன் நின்று திருவைந்தெழுத்தை எண்ணுதலே விளக்காம். அகல் ஏற்றாமையால் அவ்வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. நீரையும் புல்லையும் ஏற்றவன் வெறுங்கையையும் ஏற்பான். நான்காவது, வசதி உடையார் பத்து அகல் ஏற்ற நினைப்பின் ஒன்றை ஏற்றி, ஒன்பதின் எண்ணெயை அண்டை வீட்டு அடுப்புக்கு அளிப்பாராக. அவ்வீட்டிலும் ஓர் அகல் எரியும்.

ஐந்தாவது, முன்னோர் மந்தையை விட்டது போல யாமும் விளைவித்தல் வேண்டும். பருத்தி, உளுந்துக் காடுகளின் வரப்பில் ஆமணக்கு இடுதல் கரிசல் உழவர் அறிந்த வழக்கு. கண்மாய்க் கரையிலும் கோயில் நிலத்திலும் புன்கும் இலுப்பையும் வறட்சி தாங்கி வளரும். புன்கு சில ஆண்டுகளிற் காய்க்கும். இலுப்பை காய்க்க அதனினும் நெடுநாள் செல்லும். சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கும் அத்தரிசுகளில் ஊருக்குப் பத்து மரம் நிற்பின், திருவிளக்குக்கு உண்ணும் எண்ணெயைத் தேட வேண்டுவதில்லை. பிண்ணாக்கு வயலுக்கு எருவாகும். நிழல் ஆட்டுக்கும் ஆளுக்கும் ஆகும். திருமடங்களும் கோயில் அறங்காவலரும் இப்பணியை ஏற்றுச் செய்யின், சாவா மூவாப் பேராடு விட்ட அறம் சாவா மூவா மரமாக மீளும். நட்டவர் அதன் எண்ணெயை எரிக்காமற் போதலும் கூடும். தாம் காணாத சுடருக்குத் தாம் நீர் வார்த்தல் பயன் கருதாத தொண்டு. தாசமார்க்கத்தின் உட்பொருளும் அதுவே.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிப் பரவிய திருச்சுழியற் பெருமான் அவ்வறண்ட நிலத்தே துணைமாலை நாயகியாரோடு எழுந்தருளியிருப்பது, நெய் மிக்கார்க்கு மட்டும் அருள்வதற்கு அன்று. அந்நாட்டுத் தாய்மார் பிள்ளைக்குச் சோறிட்டுக் கலயத்தில் எஞ்சியதை நெஞ்சு நடுங்காது அகலில் விடுக. எஞ்சாத நாளிற் கைகூப்புக. அதற்கு மேல் ஆண்டவன் கேட்டிலன்.

திருச்சிற்றம்பலம்